ஏழாவதில் நின்ற மரம்

குழி என்றுதான் சொல்கிறோம், குழி கிடையாது.
இரும்புக் கம்பத்தில் ஒரு கூடை,
அதற்குமேல் தொங்கும் சங்கிலிகள், அவ்வளவுதான்.
கான்கிரீட் திட்டில் நின்று
சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஒரு தட்டைக்
காட்டுக்குள் வீச வேண்டும்.
காடு திருப்பித் தந்தால் ஆட்டம்,
தராவிட்டால் தேடல்.

விஸ்கான்சின். அக்டோபர். செவ்வாய் மாலை.
நகராட்சிப் பூங்கா, கட்டணம் இல்லை,
இந்த மாதத்தில் கொசுவும் இல்லை.
காகித ஆலையிலிருந்து அந்த நாற்றத்தோடே வரும்
லைல் ஸாஸ்ட்ரோ,
பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில்
எட்டு மணி நேரம் சிரித்துவிட்டு
இங்கே வந்து முகத்தை இறக்கிவைக்கும் மாய் நூ,
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வரும் நான்.
இந்தப் பதினெட்டுக் கூடைகளுக்கு வெளியே
ஒருவரை ஒருவர் நாங்கள் பார்த்ததே இல்லை.

ஏழாவதில்தான் அது நின்றது.
இருநூற்று அறுபது அடி. இரண்டு பக்கமும் மேப்பிள்.
ஒரு ஆளும் ஒரு நாயும் போகிற அகலத்துக்கு வழி.
முக்கால் தூரத்தில், அளந்து வைத்ததுபோல் நட்டநடுவில்,
நந்தி மாதிரி ஒரு ஆஷ் மரம்.
இடப்பக்கம் ஒதுங்கினால் ஓடை.
வலப்பக்கம் ஒதுங்கினால் நச்சுக்கொடி.
நேராகப் போனால்
டொக்.

நெஞ்சுயரப் பட்டையெல்லாம் வடு,
வடுக்களில் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகப்
பிளாஸ்டிக் தீற்றல்.
லைல் அதைத் திட்டிய வார்த்தைகளை
என் பேருந்தில் எந்தப் பையன் சொன்னாலும்
இறக்கி விட்டிருப்பேன்.
மாய் நூ ஒருமுறை அதன்மேல் கைவைத்து
ஹ்மாங்கில் மெதுவாக ஏதோ சொன்னாள்.
பிரார்த்தனையா என்று கேட்டேன்.
“தள்ளி நில்லுடா தடியா” என்றாளாம்.

ஜூனில் அதன் இடுப்பில் பெருக்கல் குறி,
பளிச்சென்ற பெயிண்டில்.
அரிசி நீளமே உள்ள பச்சை வண்டாம்.
பார்க்க நகைக்கடையில் வைக்கலாம் போலிருக்கும்.
அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில்
கணக்கு வராத பிள்ளையின் நோட்டுபோல்
கிறுக்கி வைத்திருந்தன.
உச்சி காய்ந்தது. மரங்கொத்திகள் வந்தன.
நாங்கள் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தோம்,
டொக், டொக்,
உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதுபோல.

திங்கள் வெட்டினார்கள். செவ்வாய் வந்தோம்.

அடிக்கட்டை. ஈர மரத்தூள். எதிர்பாராத அளவு வானம்.
லைல் குந்தி உட்கார்ந்து வண்டிச் சாவியால்
வளையங்களை எண்ணினான்.
எழுபத்தொன்றில் தும்மல் வந்தது, எண்ணிக்கை போயிற்று,
திரும்ப எண்ணவில்லை.
தூளுக்குள் ஒரு ஊதாத் தட்டு கிடந்தது.
ஆறு வருடமாக மேல்கவையில் சிக்கியிருந்தது,
எங்கள் கண்ணுக்கே எட்டாமல்.
பின்பக்கம் மார்க்கர் எழுத்து:
மாய் நூவின் பெயர், பழைய தொலைபேசி எண்,
நடுவில்
நாங்கள் கேள்விப்படாத ஒரு குடும்பப்பெயர்.
நாங்கள் கேட்கவில்லை.
கட்டைவிரலால் தூளைத் துடைத்தாள்,
அந்தப் பெயர்மேல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக.
பையில் போடுவாள் என்று நினைத்தேன்.
திட்டுக்கு நடந்தாள்.

முதலில் லைல். எதிரே நெடுஞ்சாலை மாதிரி வழி.
அவன் தட்டு முக்கால் தூரத்தில்
இல்லாத மரத்துக்கு மரியாதையாக வளைந்து
ஓடைக்குள் இறங்கியது.
என்னுடையது மற்றப் பக்கம் வளைந்தது.
நச்சுக்கொடி.

மாய் நூ ஊதாவை வீசினாள்.
நேராக.
மரம் நின்ற இடத்துக்குள் நுழைந்தது.
மூன்று பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டோம்,
அந்தச் சத்தத்துக்காக.

வரவில்லை.
கூடைக்குக் கீழே சருகில் தட்டு உட்கார்ந்த
சின்னச் சரசரப்பு மட்டும்.

பிறகு சங்கிலி குலுங்கியது.
பென்சிலால் எழுதினேன்:
அவளுக்கு இரண்டு, எனக்கு ஐந்து, லைலுக்கு ஆறு.
இன்னும் பதினொன்று பாக்கி, வெளிச்சம் ஐந்துக்குத்தான் வரும்.
“இது இப்போ ரொம்பச் சுலபமாப் போச்சு” என்றான் லைல்
ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே.