நீடாமங்கலம் கேட், ஐந்தாவது கட்டம்

கேட் போட்டாச்சு.
கூட்ஸுக்கு இன்ஜின் தலைமாற்ற
இருபது நிமிஷமாவது ஆகும்.
பார்சல் வண்டியை அணைத்துவிட்டு
இருக்கைக்குப் பின்னாலிருந்து இழுக்கிறேன் கிடாரை.
வேளாங்கண்ணிக் கொயரில் வாசித்த அமல்தாஸ்
துபாய் போகுமுன் விற்றது.
அடிப்பலகையில் ஒரு விரிசல்,
அதற்கு ஐந்நூறு குறைத்தான்.

பாட்டெல்லாம் கிடையாது.
ஐந்தாவது கட்டத்திலிருந்து
சுட்டு, நடு, மோதிரம், சுண்டு.
ஒரு கம்பி முடிந்தால் அடுத்த கம்பி.
போனில் மெட்ரோனோம் நாற்பதில்.
இரண்டு டிக்குக்கு நடுவில்
ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

ஆறு மாதம் அழுத்திக்கொண்டே இருந்தேன்.
பெருவிரல் அதன் கழுத்தை நெரிக்க
முன்கை கட்டையாகி
ராத்திரி சோறு பிசையவே வலித்தது.

இன்றைக்கு வேறு கணக்கு.
விரலைக் கம்பிமேல் சும்மா வைக்கிறேன்.
மீட்டினால் 'தப்'.
கொஞ்சம் எடை கொடுத்தால் 'ஙர்ர்'.
இன்னும் ஒரு வெள்ளரிவிதை எடை,
சுத்தமாக விழுகிறது சுரம்.
இவ்வளவுதானா?
இவ்வளவுக்கா
அவ்வளவு?

"ஒரே சத்தத்தையே தட்டிக்கிட்டிருக்கீங்களே, ரிப்பேரா?"
வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தடவியபடி
ஜெயக்கொடியக்கா ஜன்னலில்.
"ஆமாக்கா."
"கிடாரா, கையா?"

பத்து ரூபாய்க்கு வாங்கி
டேஷ்போர்டில் வைத்தபோதுதான் கவனித்தேன்:
இடது தோள் காதுவரை ஏறி நிற்கிறது.
இறக்கினேன்.
பல்லைக் கடித்திருக்கிறேன். விட்டேன்.
கால் இன்னும் கிளட்சை மிதித்தபடி,
வண்டி அணைந்தது தெரியாமல்.
அதையும்.

சுண்டுவிரல் மட்டும்
மற்ற மூன்றும் வேலை செய்கையில்
கூரையைப் பார்க்கிறது.
அதட்டினால் இன்னும் உயரும்.
முப்பத்தைந்துக்குக் குறைத்தேன்.
நாலாவது சுற்றில்
யாரும் சொல்லாமலே இறங்கி
கம்பிக்குப் பக்கத்தில் காத்திருந்தது.
டிக்.
வைத்தது.
டிக்.
எடுத்தது.

அரிசி மூட்டை ஏற்றிய பெட்டிகள்
ஒவ்வொன்றாகக் கடந்து முடிய,
கேட் தூக்கினார் பக்கிரிசாமி.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ரோட்டை முழுசாய் அடைத்து நின்றவர்கள்
நேருக்கு நேர் முட்டி
ஆளுக்கொரு ஹாரன்.
ஸ்டியரிங்கைப் பிடித்தேன்,
நழுவாத அளவுக்கு மட்டும்.
ஏறக்குறைய மன்னார்குடிவரை
அப்படியே வந்துவிட்டேன் என்றுதான் சொல்ல ஆசை.

பாமணியாற்றுப் பாலத்தில்
ஒரு டிப்பர் குறுக்கே வந்தான்.
எல்லாம் இறுகிப்போச்சு,
சுண்டுவிரல் உட்பட.

சாயங்காலம் திரும்பும்போது
கேட் போட்டிருந்தால் நல்லது.