நோயாளியின் பெயர்

இரவு ஒன்றரை மணி, ஜெருசலேம்.
கடைசி நோயாளியும் போனபின்
பிஸ்கட் டப்பாவில் வந்தது ஒரு குதிகால்.
ஹெட்வா பஞ்சை விலக்கினாள்.
சுண்ணாம்புக் கட்டிபோல் எலும்பு,
குறுக்கே துருவேறிய ஆணி,
நுனி மட்டும் தூண்டில் முள்ளாய் வளைந்து.

பசுமரத்தாணி அல்ல இது.
ஒலிவ மரத்தின் கணுவில் முட்டி மடங்கியது.
இறக்கியவர்களால் பிடுங்க முடியவில்லை,
ஆணியோடே புதைத்தார்கள்.
"மற்றவர்களுக்கெல்லாம் சுலபமாகக் கழன்றிருக்கும்,
அதனால் அவர்கள் நம்மிடம் வந்து சேரவில்லை" என்றாள்.

தக்லா கதவருகிலேயே நின்றாள்.
இருபது வருடமாக இரவுப்பணி நர்ஸ்,
பிணத்தைக் கண்டு குரல் தாழ்த்தாதவள்
தாழ்த்திக் கேட்டாள்: "அவரா?"

"இல்லை. யாரோ.
ரோமாபுரி சாலையோரம் நட்டவர்களில் ஒருவன்.
அவரும் அப்படி ஒருவர்தான், எங்கள் வீட்டுப் பிள்ளை,
அதை மட்டும் யாரும் சொல்வதில்லை."
கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.
"என் அப்பாவின் ஊர் லுப்ளின் பக்கம்.
பெரிய வெள்ளியன்று மதியமே கதவுக்குக் கட்டை போடுவார்களாம்.
ஆராதனை முடிந்து கூட்டம் வரும்.
ஆணி அடித்தவன் ரோமன்.
கல் விழுந்தது எங்கள் ஜன்னலில்."

தக்லா மறுத்துப் பேசவில்லை.
சிலுவைக்குறி போடத் தூக்கிய கையை
பாதியில் நிறுத்தி, பிறகு போட்டுக்கொண்டாள்.
"நாலாவது மாடியில்தான் என் மகன் இறந்தான்" என்றாள்,
எனக்குத் தெரிந்ததை, ஹெட்வாவிடம்.
"பாதிரியார் என்னென்னவோ சொன்னார்.
கடவுளும் ஒருமுறை செத்துப் பார்த்திருக்கிறார்
என்பது மட்டும் காதில் விழுந்தது.
அதைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்."

நான் ஸ்கேன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
என்ன சொல்ல?
எங்களுக்கு அந்த மரத்தில் ஈசா நபி இல்லை.
பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவே.
தன் தூதரை ஆணிக்குக் கொடுக்கமாட்டான் இறைவன்,
எட்டி எடுத்துக்கொண்டான்.
அந்த எட்டிய கையை நம்பித்தான் நான் தூங்குகிறேன்.
ஆனால் அப்படியானால் தொங்கியது யார்?
வேறொருவன், முகம் மட்டும் அவர்போல, என்பார் சிலர்.
அந்த வேறொருவனின் குதிகாலைப் பற்றி
பள்ளிவாசலில் நான் கேட்டதில்லை.

அந்த வருடம் எல்லாமே ஒரே வாரத்தில் விழுந்தன.
ஹெட்வாவுக்கு ரொட்டி ஆகாது, பருப்பும் ஆகாது.
தக்லாவுக்கு முட்டை, பால், இறைச்சி ஆகாது.
விடிந்தால் எனக்கு எதுவுமே ஆகாது.
மூவரும் தொடக்கூடியதாக மேசைமேல் இருந்தது
வெள்ளரிக்காய்.
உப்பில்லாமல் கடித்தோம்.

இயந்திரம் பெயர் கேட்டது.
பெயரில்லாமல் அது சுழலாது.
"கல்பெட்டியில் இருந்ததா?"
"இருந்திருக்கும். உடைந்த பக்கத்தில்."
'யாரோ' என்று அடித்தேன், ஏற்கவில்லை.
அடையாள எண் வேண்டுமாம்.
எனக்குத் தெரிந்த எண் ஒன்றுதான்,
என் கழுத்தில் தொங்கும் அட்டையில்.

குதிகால் வளையத்துக்குள் நகர்ந்தது.
பதிவு செய்த பெண்குரல்,
தினம் எழுபது பேரிடம் சொல்வதையே சொன்னது:
மூச்சை இழுங்கள்.
அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

பிடித்துக்கொண்டோம்.
ஹெட்வா, தக்லா, நான்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மூச்சு விடலாம் என்றது.

ஆணி வெள்ளையாய் எழுந்தது திரையில்,
அதைச் சுற்றி மரத்தூள் கொஞ்சம்,
இன்னும் ஒட்டிக்கொண்டு.
தக்லா போர்வை எடுத்துவந்தாள்,
அந்த அறை எல்லாருக்கும் குளிரும்.

படத்தின் மூலையில்:
ரஸ்மி. ஆண். வயது நாற்பத்தொன்று.
வலது குதிகால். அந்நியப் பொருள்: இரும்பு.

பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றும்.
காலையில் அழித்துவிட நினைத்தேன்.
இன்னும் அழிக்கவில்லை.