பத்துக் கிலோவுக்குக் கீழே

எங்கள் ஊரில் வசந்தம் என்பது
மளிகைக் கடையின் பெயர்.
வெயில் ஏற ஏற
அதன் தகரக் கூரை டப்டப்பென்று விரியும், அவ்வளவுதான்.
ஆனாலும் மார்ச்சில் ஏதோ நடக்கிறது:
ஆறு மாதமாய்ச் சாக்கடையோரம்
அழுக்குத் துணிபோல் நின்ற மடையானுக்கு
ஒரே வாரத்தில் கழுத்தெல்லாம் மருதாணி.
யாருக்கோ நிச்சயமாகிவிட்டது.

ஞாயிறு. ஏழு மணிக்கும் இருட்டு விலகவில்லை.
டயர்கடை யாப், மோட்டாரில் முக்காலியைக் கட்டிக்கொண்டு
முன்னால் போகிறார்.
பின்னால் நான்:
கழுத்தில் தவணையில் வாங்கிய தொலைநோக்கி,
கூடையில் நாசி லெமாக் இரண்டு பொட்டலம்.
செம்பனை நிரைகள் முடியும் இடத்தில்
திடீரென்று வானம்.
ஈயம் எடுத்தவர்கள் மூடாமல் விட்டுப்போன குட்டைகள்,
ஒன்று பாசிப் பச்சை,
ஒன்று பால் ஊற்றாத தேத்தண்ணீர்,
ஒன்றுக்கு இன்னும் நிறம் வரவில்லை.

காவலாளி கேட்டார்: மீனா?
பறவை.
பிடிக்கவா?
பார்க்க.
பார்த்து?
எண்ண, என்றார் யாப்.
அதற்குமேல் கேள்வியில்லை.
சங்கிலியை அவிழ்த்துவிட்டு
ரேடியோவுக்குத் திரும்பிவிட்டார்.

எண்ணுவது எனக்குப் பழக்கம்.
வாரம் ஆறு நாள் ஆலை வாசலில்
எடைப்பாலத்தில் லாரி நிறுக்கிறேன்,
குலையோடு ஒருமுறை, காலியாய் ஒருமுறை.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எதையும் ஒப்புக்கொள்ளாது எங்கள் தராசு.
டிரைவர் இறங்கினால் தெரியும்.
அவன் செருப்பை விட்டுப்போனால் தெரியாது.

நீலத் தாழைக்கோழி பதினொன்று.
முக்குளிப்பான் நான்கு,
அல்லது இரண்டு முறை முங்கிய இரண்டு.
தூரத்து நாரையைச் சாம்பல் என்று சாதித்தார் யாப்.
அது எழுந்து செங்கழுத்தை எங்கள் பக்கம் திருப்பியதும்
லென்ஸில் தூசு என்று துடைக்க ஆரம்பித்தார்.
நோட்டில் நான் செந்நாரை என்று எழுதினேன்,
சற்றுப் பெரிய எழுத்தில்.

பிறகுதான் அந்தச் சத்தம்.
மூன்றாவது குட்டையின் கரையில்
யாரோ காயப்போட்ட மீன்வலை,
அதில் தலைகீழாய் ஒரு பழுப்புக் கீச்சான்.
கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை,
கொள்ளைக்காரன்போல.
மாட்டிக்கொண்டவனும் அவனே,
மிரட்டுகிறவனும் அவனே.

யாப் பேனாக்கத்தியால் ஒவ்வொரு கண்ணியாய் அறுத்தார்.
நான் பிடித்துக்கொண்டேன்.
கை நிறைய இதயத் துடிப்பு,
எடை மட்டும் எங்கேயும் இல்லை.
ஒரு ரொட்டித் துண்டு இதைவிடக் கனக்கும்.
இதை வைத்துக்கொண்டா கடலைத் தாண்டுகிறாய்,
என்று கேட்க வாயெடுத்தேன்.
சுட்டுவிரலைக் கடித்துவிட்டது.
சும்மா இல்லை, ரத்தம் வர.

விட்டதும்
வடக்கே, சீனாவுக்கோ அதற்கும் அப்பாலோ,
பெரிய வளைவாய்ப் பறக்கும் என்று எதிர்பார்த்தோம்.
இருபதடி தள்ளி முட்புதரில் உட்கார்ந்து
இறகு கோதியது.
எங்களைத் திட்டியது.
ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தது.
நாங்களும் பொட்டலத்தைப் பிரித்தோம்.
சம்பல் விரலில் பட்டு எரிந்தது.
பெருநாளுக்குக்கூடக் கடையைச் சாத்தாத யாப்
பத்தரை வரை நேரம் கேட்கவில்லை.

திங்கள்.
முதல் லாரி. திரையில் நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது.
ஒவ்வொரு எண்ணைத் தட்டும்போதும் விரல் சுருக்கென்றது.
டிரைவர் லோகபாலன் எட்டிப் பார்த்தான்.
என்னக்கா விரல்ல?
குருவி கடிச்சிருச்சு.
குருவி கடிக்குமா?
வெளிநாடு போற குருவி.
பாஸ்போர்ட் கேட்டிருப்பீங்க, என்று சிரித்துவிட்டு
வண்டியை எடுத்தான்.
எண்கள் சரிந்து பூஜ்யத்தில் நின்றன.

வாசல் மின்கம்பியில் தகைவிலான்கள்
நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த இடத்தில்
இன்று இடைவெளிகள்.
எண்ணலாம் என்று பேனாவை எடுத்தேன்.
அடுத்தவன் ஹாரன் அடித்தான்.