பதினான்காவது வளைவில் ஃபோகஸ் கிடைக்கவில்லை

லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது.
கண்ணாடியின் ஓரத்தில்
ஒரு வெள்ளை வேர்.
"ஏற்காட்டுக்குக் கொண்டுபோயிட்டு
ஈரத்தோட பையில மூடி வெச்சீங்களா?"
என்கிறார் முதல் அக்ரஹாரத்து மார்ட்டின் துரை
பல்மருத்துவர் குரலில்.

மூடித்தான் வைத்தேன்.
முன்மூடி, பின்மூடி,
பைக்குள் பை, அதற்குள் சிலிக்கா பொட்டலம்,
பீரோவுக்குப் பூட்டு,
விலை கேட்டால் வாய்க்கும்.

தவமணியிடம் நான் சொன்னது நாலாயிரம்.
பில்லில் பதினோராயிரத்துச் சொச்சம்.
பில் இருப்பது
ஒரு பழைய வெப் டிசைன் பத்திரிகையில்,
எழுத்துக்கு நிழல் வைப்பது எப்படி
என்ற பக்கத்தில்.

மொத்தம் நாற்பத்தொரு இதழ்கள்.
பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எடைக்கு எடுத்தவை.
கடல் தாண்டிக் கழிவுத்தாளாய் வந்து
என் மடியில் விழுந்தவை.
அட்டையில் ஒட்டியிருந்த சிடியை
யாரோ முன்பே உரித்துக்கொண்டார்கள்,
பசை மட்டும் வட்டமாய்.
பெட்டியின் மூலையை வளைப்பது பற்றி
ஆறு பக்கம் எழுதியிருக்கிறான் ஒருவன்:
படத்தை ஒன்பது துண்டாக வெட்டு,
நான்கை மூலைக்கு வை.
இன்றைக்கு அதற்கு ஒரு வரி போதும்.
இருந்தாலும் அவன் பட்ட பாட்டை
திரும்பவும் தராசில் ஏற்ற
மனம் வரவில்லை.

பகலில் ஜவ்வரிசி மில்லில் கணக்கு.
மூட்டை மூட்டையாய் எண்கள்.
ராத்திரியில் எழுத்துருக்கள்.
திரையில் 'ஞ' சரியாக உட்காராவிட்டால்
எனக்கு முதுகு வலிக்கும்.

செவ்வாய்ப்பேட்டை குணசீலன்
கொலுசுப் பட்டறைக்கு வெப்சைட் கேட்டார்.
இரண்டு கிலோ ஜவ்வரிசி வாங்கி வந்து
(கணக்கில் எழுதித்தான்)
தாம்பாளத்தில் பரப்பி
மேலே ஒரு ஜோடியைக் கிடத்தி
ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன்.
வெள்ளைமேல் வெள்ளி.
எது அரிசி, எது சலங்கை என்று
கண் ஒரு கணம் தடுமாறும்.
சுற்றிலும் தாராளமாக இடம் விட்டேன்;
வெற்றிடம்தான் பக்கத்தின் மூச்சு என்றது
இருபத்தேழாம் இதழ்.
குணசீலன் திரையில் விரல் வைத்தார்.
"இவ்வளவு இடம் சும்மாக் கெடக்குதுங்களே,
போன் நம்பரைப் பெருசாப் போடுங்க."
போட்டேன். சிவப்பில்.
கேட்காமலே மினுக்கவும் விட்டேன், கடுப்பில்.
அன்றைக்கே ஈரோட்டிலிருந்து
இரண்டு ஆர்டர் வந்ததாம்.

அந்த எரிச்சலோடுதான்
மலை ஏறினேன்.
எண்பத்தைந்து எம்எம். செகண்ட் ஹேண்ட்.
பதினான்காவது வளைவில் வண்டியை ஓரங்கட்டினேன்.
கீழே சேலம் இருக்க வேண்டிய இடத்தில்
சேலம் இல்லை.
ஃபோகஸ் முன்னால் ஓடியது, பின்னால் ஓடியது,
வீடு மாறிப்போன நாயாக
முனகிவிட்டு நின்றது.
பிடித்துக்கொள்ள ஒரு கோடு வேண்டும் அதற்கு.
மிளகுக்கொடி, குரங்கின் காது, ஏதாவது.
ஹாரன் ஒன்று
பஸ் இல்லாமல் என்னைக் கடந்து போனது.
பை நனைந்தது, நான் நனைந்தேன்.
நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு படம்.

வீட்டில் தவமணி பார்த்தாள்.
"என்ன இது, ஒண்ணுமே இல்ல?"
"வலது மூலையில பாரு."
சாம்பலுக்குள் கொஞ்சம் கூடுதல் சாம்பல்:
வளைவு எண் பலகை.
பதினான்கில் நான்கு மட்டும்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
பிறகு,
"இதுக்கா பதினோராயிரம்?" என்றாள்.
நிழல் வைக்கிற பக்கத்தை
அவளும் படித்திருக்கிறாள்.

"தொடச்சா பூஞ்சை போகும், கோட்டிங்கும் போகும்.
ரெண்டு நாள் வெயில் காட்டுங்க, பாப்போம்."

மொட்டை மாடி.
இரண்டு செங்கல்லுக்கு நடுவே, அடியில் காற்றாட,
மூடிகள் இல்லாமல் முதல்முறையாக லென்ஸ்.
செங்கல் ஆடாமல் இருக்க
கீழே இருபத்தேழாம் இதழ்.
டீ குடித்துவிட்டு வந்தால்
அட்டையில் ஒரு பழுப்புப் புள்ளி,
ஊசிமுனை அளவுக்குக் கூர்மையாய்,
மெல்லிய புகையோடு.
எடுக்க வேண்டும்தான்.
கொஞ்சம் தாமதித்தேன்.