ஒரு நேரத்தில் ஒரு சானல்தான்

தாலினிலிருந்து திரும்பிய ஊர்மாஸ்
மழைக்கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான் அதை.
உள்ளங்கை அகலம், பச்சை நிறம்,
ஆண்டெனா திருக ஒரு பித்தளை மூக்கு.
"இனிமேல் டிவியைப் பார்க்க மட்டுமில்லை, ஹெல்வே,
பிடித்தும் வைக்கலாம்."
கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியவன்
அப்புறம் மாட்டவே இல்லை.
அதற்குள் பூனை தூங்கப் பழகிக்கொண்டது.

முதலில் படம் வந்தது, ஒலி வரவில்லை.
பிறகு ஒலி வந்தது, அரை விநாடி பிந்தி:
செய்தி வாசிப்பவர் வாயை மூடிய பிறகும்
பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்தது.
யாராவது கையசைத்தால்
கையின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிரிந்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று.
செவ்வாய்க்கிழமை எட்டு மணித் தொடர்.
அந்நேரம் நான் ஆலையில்
புகையூட்டிய மீனைத் தலைமாற்றித் தலைமாற்றி
டப்பாவில் அடுக்கிக்கொண்டிருப்பேன்.
பதினொரு வாரம் ஒழுங்காகப் பதிவானது.
ஒரு மருந்துக்கடைக்காரி
பிரிக்காத கடிதம் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு
பதினொரு வாரமும் அலைந்தாள்.

கடைசிப் பாகத்துக்கு நானே நேரம் குறித்தேன்.
இடம் போதாது என்றது வட்டு.
அவனுடைய பனிச்சறுக்குப் போட்டி இரண்டை அழித்தேன்,
சொல்லாமல்.

ஜூன் மாதம் வானத்தின் மேல்தட்டில்
ஏதோ இறுகுமாம்.
தெற்கே எங்கோ கிளம்பிய அலை அதில் முட்டி
எங்கள் தீவில் வந்து விழுமாம்.
படகுத்துறையில் நாளெல்லாம்
அடுத்தவர் கார்களை வரிசையில் நிறுத்துபவன்,
அந்த அலைக்காக இருபது வருடமாகக்
காத்திருந்தான்.
அட்டையில் ட்யூனர் ஒன்றுதான்.
ஒரு நேரத்தில் ஒரு சானல்தான்.
அது அவனுக்கும் தெரியும்.

நாற்பத்தேழாவது நிமிடம்.
மேசை முன் உட்கார்கிறாள்.
கண்ணாடி போடுகிறாள்.
உறையின் ஓரத்தில் கத்தியை நுழைத்து—

எறும்புகள்.
திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக எறும்புகள்.
அவற்றுக்குள்ளிருந்து ஒரு வழுக்கைத் தலை.
பின்னால் வரைபடம்,
கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு ஒரு நாடு.
அங்கே தொடுகிறான், இங்கே தொடுகிறான்.
முஷ்டிக்குள் இருமுகிறான்.
திரைக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரிக்கிறான்.
ஒரு நிமிடம், பன்னிரண்டு விநாடி.
பிறகு எறும்புகள்,
வட்டு நிரம்பும்வரை.

"இத்தாலி, ஹெல்வே! எத்தனை ஆயிரம் மைல்!"
"கடிதத்தில் என்ன எழுதியிருந்தது?"
"எந்தக் கடிதம்?"

மூன்று நாள் பேசவில்லை.
ஆலையில் லைடா முடிவைச் சொல்ல வந்தாள்.
கன்வேயரின் வேகத்தைக் கூட்டினேன்.
ஞாயிற்றுக்கிழமை அக்கா ஐமே வந்தபோது
அவன் குற்றத்தை நிரூபிக்க ஓட்டிக் காட்டினேன்.
அந்த ஆள் இருமும் இடத்தில் அவள் சிரித்துவிட்டாள்.
திருப்பி ஓட்டினோம்.
மழை என்கிறானா, வெயில் என்கிறானா?
எதுவானாலும்
அங்கே பெய்து காய்ந்திருக்கும்.

இரண்டாயிரத்துப் பத்தில் பழைய ஒளிபரப்பை நிறுத்தினார்கள்.
புது அட்டை வாங்கினோம்.
வந்தால் சுத்தமாக வருகிறது,
இல்லையென்றால் கட்டங்கட்டமாக உறைந்து நிற்கிறது.
எறும்புகள் இல்லை.
ஜூன் வந்தால் ஊர்மாஸ் இன்னும்
ஜன்னலைத் திறந்து, அஸ்தமிக்க மனமில்லாத வானத்தைப்
பார்த்துவிட்டு, மூடுகிறான்.

கம்ப்யூட்டர் மூன்று மாறிவிட்டது.
ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பை
முதலில் எடுத்துவைப்பவள் நான்.
இயந்திரம் இட்ட பெயரே இருக்கட்டும்: 0617_2000.
வேறென்ன பெயர் வைப்பது?
கத்தி நுழைகிறது, உறை பிரிகிறது,
உள்ளிருந்து அவன் வந்து
சத்தமில்லாமல் வாசித்துக் காட்டுகிறான்.
பூனைக்கு வயதாகிவிட்டது.
இருமல் வரும் இடத்தில் மட்டும் காதை அசைக்கிறது,
கேட்க ஒன்றுமில்லை என்றாலும்.