இழுவைத் திறன்: இரண்டாயிரம் கிலோ

விண்ட்ஹூக்கில் சாவியைக் கொடுக்கும்போது
ஃபோல்க்மர் சொன்னார்:
நான்கு நாள், நான்கு பக்க அறிக்கை.
நீ சரி என்றால் பன்னிரண்டு வாங்குகிறேன்.
வாடகைக்கு எடுப்பவர்கள் ஹாம்பர்க்கிலிருந்து வருகிறவர்கள்,
மணல் என்றால் அவர்களுக்குக் கடற்கரை.

நடுத்தர அளவு எஸ்யூவி.
சாம்பலும் ஆகாத நீலமும் ஆகாத ஒரு நிறம்.
கையேட்டின் அட்டையில் மலையுச்சியில் நிற்கிறது,
எப்படி ஏறியது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
இழுவைத் திறன்: இரண்டாயிரம் கிலோ.
ஏட்டுச் சுரைக்காய் எப்போதும் நல்ல கனம்.
நாங்கள் மாட்டிய ட்ரெய்லர் ஆயிரத்து நானூறுதான்:
கூடாரம், குளிர்பெட்டி, எரிவாயு,
நூறு லிட்டர் தண்ணீர்,
ஹிஸ்கியாவின் வார்ப்பிரும்புச் சட்டி.
சட்டியைக் கணக்கில் சேர்க்காதே என்றான்.
சேர்த்தேன்.

கொக்கியில் பாரம் இறங்கியதும்
பின்பக்கம் குந்தியது, முன்பக்கம் அண்ணாந்தது.
அன்றிரவு ஒச்சிவரோங்கோ தாண்டி
முகவிளக்குகள் சாலையைக் கைவிட்டு
முள்மரங்களின் உச்சியில்
குருவிக்கூடுகளை எண்ணிக்கொண்டே வந்தன.
பின் ஸ்பிரிங்: பத்துக்கு நான்கு.

தார்ச்சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை,
தொண்ணூறில் ஒரு கையால் ஓட்டலாம்.
நூற்றுப்பத்தில், லாரி கடந்த காற்றில்,
ட்ரெய்லர் தன் கருத்தைச் சொல்லத் தொடங்கியது,
முதலில் முணுமுணுப்பாக, பிறகு இடுப்பால்.
ஹிஸ்கியா பேச்சை நிறுத்தினான்.
பத்தொன்பது வருட மெக்கானிக்;
அவன் பேச்சை நிறுத்துவதும் ஓர் எச்சரிக்கை விளக்கு.

உண்மையான விளக்கு
குரூட்பெர்க் கணவாயில், சரளையில், பாதி ஏற்றத்தில் எரிந்தது.
கியர்பாக்ஸ் சூடு.
எஞ்சினை அணைக்காமல் இருபத்திரண்டு நிமிடம் நின்றோம்.
ஒரு கழுதை வண்டி எங்களைக் கடந்தது,
இரண்டு கழுதை, ஐந்து பேர், ஒரு சோபா.
சோபாவில் இருந்த பெண்
விலைக்கு வந்த ஆட்டைப் பார்ப்பதுபோல
பற்களிலிருந்து குளம்பு வரை எங்களைப் பார்த்தாள்.
வாங்கவில்லை.

ஹுவாபில் தண்ணீர் இல்லை, மணல்தான் ஆறு.
டயரில் காற்றை இறக்கினோம். முப்பது மீட்டர் போனோம்.
சக்கரம் சுழன்றதும் வண்டியின் மூளை பதறி
விசையைப் பிடுங்கிக்கொண்டது,
நீந்துகிறவன் காலைப் பிடித்துக்கொண்டு
மூழ்கிவிடாதே என்று கத்துகிற மாதிரி.
ஒரு பொத்தானை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தால்
வாயை மூடிக்கொள்ளுமாம்.
கையேடு, இருநூற்றுப் பதினாறாம் பக்கம்.
அதைக் கண்டுபிடிப்பதற்குள் அச்சு வரை புதைந்திருந்தோம்.

ட்ரெய்லரைக் கழற்றினோம்.
கடன்காரனைத் தெருமுனையில் கழற்றிவிட்டவனைப் போல
ஒரே மூச்சில் கரையேறியது வண்டி.
அந்த நான்கு நாளில் எனக்கு அதைப் பிடித்துப்போனது
அப்போது மட்டும்தான்.

இருட்டிவிட்டது.
ஹிஸ்கியா வண்டிக்குள் படுத்தான்
(இருக்கைகள் சமமாக மடங்கவில்லை,
அவன் முதுகு கொடுத்த மதிப்பெண் இரண்டு).
நான் ஆற்றிலேயே, ட்ரெய்லர் மேல் கூடாரத்தில்.

மூன்று மணிக்குக் கீழே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
யாரோ அல்ல.
தும்பிக்கை தண்ணீர்க் குழாயை முகர்ந்தது, திருகிப் பார்த்தது.
பிறகு ஒரு நெற்றி
என் படுக்கைக்கு அடியில் வந்து பதிந்தது.
கோபமில்லை. சாத்திய கதவைத் தள்ளுவதுபோல ஒரு தள்ளு.
ஆயிரத்து நானூறு கிலோவும்
என் அறுபத்தெட்டும்
அந்தச் சட்டியும் சேர்ந்து
இரண்டு மீட்டர் நகர்ந்தோம்.
எந்த விளக்கும் எரியவில்லை.

காலையில் அடிவைத்து அளந்தேன், சரியாக இரண்டு.
கரைப்பக்கம் அல்ல, ஆற்றின் நடுவுக்கு.
வெளியே எடுக்க மதியம் தாண்டியது.

அறிக்கையின் கடைசி வரி:
இரண்டு பேர், ஒரு சிறு கூடாரம் என்றால் வாங்கலாம்.
ட்ரெய்லர் கேட்பவர்களுக்குப் பழைய பிக்கப்பையே கொடுக்கவும்.
ஃபோல்க்மர் இருமுறை படித்துவிட்டு
அப்போ ஆறு என்றார்.

ட்ரெய்லரின் பின்பலகையில்
வாணலி அளவுக்கு ஒரு நசுங்கல்.
காப்பீட்டுப் படிவம் எதிர் வாகனத்தின் பதிவு எண் கேட்டது.
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
ஹிஸ்கியா அதைப் பிடுங்கி எழுதினான்:
நிறுத்தாமல் போய்விட்டது.