இருபதாவது

சயான் ஸ்டேஷனை எங்கள் சபையார்
சீயோன் என்பார்கள், சிரிப்புக்கு.
அங்கேதான் ஆஸ்பத்திரி. மூன்றாம் தியேட்டர்.

வயிற்றை மூடித் தைக்கப் போகும் நேரம்
"பத்தொன்பதுதான் இருக்கு டாக்டர்" என்றேன்.
உள்ளே வைத்தது இருபது பஞ்சுத்துணி.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஜெபகனி சிஸ்டர், எண்ணத் தெரியாதா?"
என் பெயர் அவருக்குத் தெரியும் என்று
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வாளியைக் கவிழ்த்தேன்.
இரத்தம் ஊறிய துணிகளை ஒவ்வொன்றாய்
தரையில் விரித்து மறுபடி எண்ணினேன்.
பத்தொன்பது.
கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.
குரல் நடுங்கத்தான் செய்தது.

கல்லீரலுக்குப் பின்னால் இருந்தது,
உள்ளங்கை அகலம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

அந்த ஆள் குர்லா பாலத்தடியில் பழம் விற்கிறார்.
என்னைத் தெரியாது.
அரை டஜன் கேட்டால் ஏழு வாழைப்பழம் போடுவார்,
எல்லாருக்கும்தான்.
அவருக்கு எண்ண வராது.

ஞாயிறு ஆராதனையில்
போதகர் பொற்கிரீடத்துக்கு வரும்போது
நைட் டியூட்டி முடிந்த நான் பாதித் தூக்கத்தில்.
கிரீடம் வேண்டாம். தலை வலிக்கும்.

ஆண்டவரே,
நிஜ சீயோனுக்கு நான் வரும் அன்று
என் முப்பத்தொரு வருஷத்தையும் தட்டில் கொட்டி
நீரே எண்ணும்.
நான் தவற விட்டது எங்காவது ஒட்டியிருந்தால்
தையலைப் பிரித்தாவது எடுத்துவிடும்.
அப்புறம் முகம் பார்த்து
"சரியா இருக்கு, ஜெபகனி" என்றால் போதும்.

கையுறையைக் கழற்றிக்கொள்கிறேன்.